எடைக் குறைப்புப் போட்டியைப் பார்த்து அம்மா சவாலில் சேரப் போகிறார். விடலாமா?

கேள்வி, கேத்தியிலிருந்து ஒரு வாசகி, 6 செப்டம்பர் 2025

அம்மாவுக்கு 51 வயது. போன மாதம் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'ஃபிட் ஃபார் டிவி' ஆவணத் தொடரை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். அமெரிக்காவின் 'தி பிக்கஸ்ட் லூசர்' போட்டியில் உள்ளே என்ன நடந்தது என்று சொல்லும் தொடர். எனக்குப் பயம் வந்தது, அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. "அவ்வளவு கனமா இருந்தவங்களே குறைச்சிருக்காங்க, என்னால முடியாதா" என்கிறார். இப்போது யூடியூபில் பழைய துண்டுகளைத் தேடித் தேடிப் பார்க்கிறார். ஊட்டியில் ஒரு ஜிம்மில் பத்து வாரச் சவாலாம், அதிகம் குறைப்பவருக்குப் பரிசாம். பணம் கட்டப் போகிறேன் என்று நிற்கிறார். இந்தப் போட்டிகள் பார்ப்பவர்களுக்கு ஊக்கம் தருகின்றனவா, ஏமாற்றுகின்றனவா? குன்னூரில் லேபில் வேலை பார்க்கும் அக்கா பதில் எழுதினால் நல்லது.

7 செப்டம்பர்

ஊக்கம் தருகின்றன. உங்கள் அம்மாவே அதற்குச் சாட்சி. 51 வயதில் ஒருவர் 'என்னால் முடியும்' என்று எழுந்து நிற்பது சின்ன விஷயம் இல்லை. அதை மட்டும் கேலி செய்து கெடுத்துவிடாதீர்கள்.

அந்த ஊக்கம் அவரை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதில்தான் எனக்குச் சண்டை. வாராவாரம் தராசில் பெரிய எண் விழ வேண்டும் என்ற பக்கம் தள்ளுகிறது. காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களிடம் ரத்தம் எடுப்பது என் வேலை. கையை நீட்டிக்கொண்டே "மேடம், ஒரே வாரத்துல நாலு கிலோ" என்று சந்தோஷமாகச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மறு வருஷம் அதே ஆள் வந்து, என் கண்ணைப் பார்க்காமல் கையை நீட்டுவதையும் பார்த்திருக்கிறேன்.

7 செப்டம்பர், இரவு

இன்னொன்று கேட்க விட்டுப்போனது. அம்மா ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா? சர்க்கரை, பிரஷர், தைராய்டு? அதைச் சொல்லுங்கள். மற்ற எல்லாவற்றையும் விட அது முக்கியம்.

11 செப்டம்பர்

மாத்திரை பற்றிப் பதில் வரவில்லை. வரும் வரை நிகழ்ச்சியைப் பற்றிப் பேசலாம். தெரியாதவர்கள் இருப்பீர்கள்.

2004-ல் என்.பி.சி. சேனலில் ஆரம்பித்தது. உடல் பருமன் உள்ளவர்களை ஒரு பண்ணை வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். வீடு, வேலை, பிள்ளைகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கேயே தங்கி, ஒரு நாளில் பல மணி நேரம் உடற்பயிற்சி. பயிற்சியாளர் முகத்துக்கு நேரே கத்துவார். வார முடிவில் எல்லோர் முன்னாலும் தராசில் ஏற வேண்டும். குறைவாக இறங்கியவர்களில் ஒருவர் வெளியே போக வேண்டும். கடைசியில் ஜெயிப்பவருக்கு இரண்டரை லட்சம் டாலர். நம் ஊரிலும் இதே போட்டியின் இந்தி வடிவம் 2011-ல் சஹாரா ஒன் சேனலில் வந்தது, சுனில் ஷெட்டி நடத்தினார்.

2009-ல் நடந்த எட்டாவது சீசன்தான் எல்லாரும் பேசுவது. முதல் நாளே கடற்கரையில் ஒரு மைல் தூரப் பந்தயம். இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்த சீசனை ஜெயித்தவர் டேனி கேஹில். 195 கிலோவில் உள்ளே போனவர், ஏழு மாதத்தில் 87 கிலோவுக்கு வந்தார். மேடையில் வண்ணக் காகிதம் கொட்டியது, படம் முடிந்தது.

படம் முடிந்த பிறகு நடந்ததை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் என்ற ஆராய்ச்சியாளர் அளந்தார். அந்த சீசனின் 16 பேரில் 14 பேரை ஆறு வருஷம் கழித்துத் திரும்ப வரவழைத்துப் பரிசோதித்தார்கள். முடிவு 2016-ல் வந்தது. போட்டி முடிந்தபோது சராசரியாக 58 கிலோ குறைந்திருந்தார்கள். ஆறு வருஷத்தில் அதில் 41 கிலோ திரும்பி வந்திருந்தது. கேஹிலுக்கு 45 கிலோவுக்கு மேல் ஏறியிருந்தது.

எடை திரும்பியது யாரும் எதிர்பார்க்காதது இல்லை. என்னை உலுக்கியது இன்னொன்று. சும்மா படுத்திருக்கும்போது உடம்பு எரிக்கும் கலோரி போட்டிக்கு முன் நாளுக்கு சுமார் 2600. போட்டி முடிந்தபோது 2000-க்கு இறங்கியது. எடை குறைந்தால் கொஞ்சம் இறங்குவது இயல்பு. ஆனால் எடை திரும்பிய பிறகும் அது திரும்பவில்லை. ஆறு வருஷம் கழித்து 1900 தான். அதே வயது, அதே எடை உள்ள இன்னொருவரை விட சுமார் 500 கலோரி குறைவு. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் ஹார்மோன் போட்டி முடிவில் ஏறக்குறைய வற்றிப்போயிருந்தது. ஆறு வருஷத்தில் பழைய அளவில் மூன்றில் இரண்டு பங்குதான் திரும்பியிருந்தது.

அதாவது உடம்பு எரிப்பதும் குறைவு, பசியும் அதிகம். இந்த நிலையில் இருக்கிற ஒருவரைப் பார்த்து "கட்டுப்பாடு இல்ல, மறுபடி ஊதிட்டான்" என்று சொல்கிறோம். எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

12 செப்டம்பர்

அருவங்காட்டு நண்பர் ஒருவர்: "அப்படின்னா முயற்சி பண்றதே வேஸ்ட். உடம்பு விடாது."

இல்லை. இப்படி ஒரு பதில் வரும் என்று தெரியும். விரிவாக எழுதுகிறேன், நாளை காலை ஷிஃப்ட்.

14 செப்டம்பர்

11-ஆம் தேதி எழுதியதோடு நிறுத்தினால் அது பாதிக் கதை. மீதியையும் படித்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

அந்த 14 பேரும் ஆறு வருஷம் கழித்து, ஆரம்பத்தில் இருந்ததை விட சராசரியாக 12 சதவீதம் குறைவான எடையில்தான் இருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் 10 சதவீதமாவது குறைத்ததைத் தக்கவைத்திருந்தார்கள். எந்த டாக்டரிடம் கேட்டாலும் இது நல்ல பலன் என்பார். டிவி 50 சதவீதத்தைக் காட்டிக் காட்டி நம் கண்ணைப் பழக்கிவிட்டதால் 10 சதவீதம் தோல்வியாகத் தெரிகிறது. ஏமாற்று என்று நான் சொல்வது இதைத்தான். நிகழ்ச்சியில் பொய்யான காட்சி இருக்கிறதா இல்லையா என்பது அப்புறம். எவ்வளவு குறைத்தால் போதும் என்ற நம் அளவையே அது கெடுத்துவிடுகிறது.

அதே குழு 2017-ல் இன்னொன்றையும் சொன்னது. எடையைத் தக்கவைத்தவர்கள், போட்டிக்கு முன் இருந்ததை விட உடல் இயக்கத்தை 160 சதவீதம் கூட்டி, ஆறு வருஷமும் விடாமல் வைத்திருந்தார்கள். எடை திரும்பியவர்கள் கூட்டியது 34 சதவீதம். சாப்பாட்டை அடக்கியதில் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எரிப்பு குறைந்ததைப் பற்றியும் கெவின் ஹாலே 2022-ல் திரும்பப் பேசினார். எரிப்பு அதிகம் குறைந்தவர்களுக்குத்தான் எடை அதிகம் திரும்பியது என்று தரவு காட்டவில்லை. நிறைய உடற்பயிற்சி செய்கிறவர்களின் உடம்பு, ஓய்வு நேரச் செலவைச் சுருக்கிச் சரிக்கட்டிக்கொள்கிறதோ என்பது அவர் விளக்கம். ஆகவே "மெட்டபாலிசம் செத்துப்போச்சு" என்று யூடியூபில் பயமுறுத்துகிறவர்களையும் நம்ப வேண்டாம்.

அருவங்காட்டு நண்பரே, வேஸ்ட் இல்லை. பத்து வாரத்தில் முடியாது, அவ்வளவுதான்.

20 செப்டம்பர்

ஒரு வாரத்தில் ஆறு கிலோ, எட்டு கிலோ எப்படி முடியும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

என் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். சாயங்காலம் இலை நிறுக்கும் கொட்டகையில் அவர் பின்னாலேயே நான் நிற்பேன். மழை நாளில் சாக்கைக் கொக்கியில் மாட்டினால் அடியில் தண்ணீர் சொட்டும். முள் எங்கேயோ போய் நிற்கும். மேஸ்திரி அதைப் பார்ப்பார், சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் புத்தகத்தில் எழுதுவார். அம்மா அந்தக் கழிவுக்காகச் சண்டை போடுவார். "இன்னிக்கு காத்து அடிச்சுது, இலை காஞ்சுருச்சு, இவ்வளவு கழிக்காதீங்க" என்பார். சண்டை அளவைப் பற்றித்தான். ஈரத்தையும் இலை என்று எழுதிக்கொள்ளலாம் என்று அந்தக் கொட்டகையில் யாருமே நினைத்ததில்லை.

டிவி தராசில் அந்தக் கழிவு கிடையாது. உடம்பு சேர்த்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து ஒரு கிராம் இருந்தால், கூடவே சுமார் மூன்று கிராம் தண்ணீரும் நிற்கும். சோறு, சப்பாத்தியை நிறுத்தினால் முதல் சில நாளில் அது கரைந்து தண்ணீரும் போய்விடும். அதோடு வியர்வை வேறு. முதல் சீசனில் ஜெயித்த ரையன் பென்சன், தராசில் ஏறுவதற்காகச் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் இருந்து, சிறுநீரில் ரத்தம் வந்ததை வெளிப்படையாகவே சொன்னார். எடையும் அப்புறம் திரும்பியது என்றார். திரையில் ஒரு வாரம் என்று காட்டுவது எப்போதும் ஏழு நாள் இல்லை என்றும் போட்டியாளர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

நீர்ச்சத்து குறைந்த உடம்பில் ஊசி குத்துகிற எனக்கு இது எண்ணில் தெரிவதற்கு முன்னால் கையிலேயே தெரியும். நரம்பு கிடைக்காது. கட்டை இறுக்கி, முழங்கை மடிப்பைத் தட்டித் தட்டி, சுடுதண்ணீர் குடிக்கச் சொல்லி உட்கார வைத்து, அப்புறம்தான் ரத்தம் வரும். அப்படிப்பட்டவர்களின் ரிப்போர்ட்டில் யூரியா, யூரிக் ஆசிட் எல்லாம் ஏறி நிற்கும். அவர்களோ கண்ணாடியைப் பார்த்துச் சந்தோஷமாக இருப்பார்கள்.

21 செப்டம்பர்

வாரத்துக்கு எவ்வளவு சரி என்று கேட்டவருக்கு: அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ. எல்லா டாக்டரும் சொல்வதுதான். இதை டிவியில் காட்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள், அதனால் காட்டுவதில்லை.

28 செப்டம்பர்

என் அக்காவைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். அவளிடம் கேட்டேன், எழுது என்றாள்.

இரண்டாவது குழந்தைக்குப் பிறகு எடை போட்டிருந்தாள். அவளும் இதே நிகழ்ச்சியைத்தான் பார்த்தாள், பிள்ளைகள் தூங்கிய பிறகு, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. அழுதுகொண்டே தராசில் ஏறுகிறவர்களைப் பார்த்து இவளும் அழுவாள். மலையில் ஒரு ஜிம்மில் சவால் வைத்தார்கள், சேர்ந்தாள். ஊர், பெயர் வேண்டாம். காலையில் முட்டை வெள்ளைக்கரு, மதியம் வெள்ளரிக்காய், ராத்திரி சூப். தினமும் தராசைப் போட்டோ எடுத்து வாட்ஸாப் குழுவில் போட வேண்டும். ஏறியிருந்தால் எல்லோர் முன்னாலும் கேள்வி வரும். ஆனாலும் அந்த நாட்களில் அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் மறுக்க மாட்டேன். அவள் வாழ்க்கையில் முதல் முறையாக அவளுக்கென்று ஒரு விஷயம் செய்துகொண்டிருந்தாள்.

ஜெயித்தாள். ஒரு பிரஷர் குக்கர் கொடுத்தார்கள். பழைய போட்டோ, புதிய போட்டோ இரண்டையும் சேர்த்து ஆள் உயரத்துக்குப் பேனர் அடித்து வாசலில் கட்டினார்கள்.

கொஞ்ச நாளில் ஒரு கல்யாணத்தில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ராத்திரி வலது விலா எலும்புக்குக் கீழே வலி. முதுகு வரை இழுத்தது. கேஸ் என்று நினைத்து இஞ்சி கஷாயம் குடித்தாள். விடியற்காலையில் வாந்தி. ஸ்கேன் எடுத்தால் பித்தப்பை முழுக்கக் கல். எடை வேகமாக இறங்கும்போது கல்லீரல் அதிகக் கொழுப்பைப் பித்தநீரில் தள்ளும். சாப்பாட்டில் எண்ணெயே இல்லாததால் பித்தப்பை சுருங்கி வேலை செய்யாமல் தேங்கி நிற்கும், கல் கட்டும். டாக்டர் முதல் கேள்வியே "சமீபத்துல டயட் இருந்தீங்களா" என்பதுதான். கோயம்புத்தூரில் ஆபரேஷன் ஆனது. இது வரலாம் என்று சவால் நடத்தியவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

அப்புறம் எடை திரும்பியது. பேனர் அங்கேயே தொங்கியது. அக்கா மார்க்கெட்டுக்கு அந்தத் தெரு வழியாகப் போக மாட்டாள். பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் படிக்கட்டு ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு சுற்றிப் போவாள். அவள் குறைத்ததும் அவள் முயற்சிதான், திரும்பியதும் உடம்பின் வேலைதான் என்று எவ்வளவு சொல்லியும் அவளுக்கு ஏறவில்லை. "டிவில இருக்கிறவங்களுக்கு முடிஞ்சுதே" என்பாள். கெவின் ஹாலின் ஆய்வை முதலில் அவளுக்காகத்தான் படித்தேன். வரிவரியாகத் தமிழில் சொன்னேன். 41 கிலோ திரும்பி வந்தது என்ற இடத்தில் "நெசமாவா, அவங்களுக்குமா" என்று கேட்டாள்.

பேனரை எடுக்கச் சொல்லி நான் நேரில் போய்ச் சொல்லி, எடுத்துவிட்டார்கள்.

29 செப்டம்பர்

அக்காவுக்கு அன்பு சொன்ன எல்லோருக்கும் நன்றி, அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

5 அக்டோபர்

பார்க்கிறவர்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி, போட்டியாளர்களைப் பற்றியே எழுதுகிறேன் என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். நியாயம்.

2012-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு. 59 பேர். ஒரு பகுதியினருக்கு இந்தப் போட்டியின் ஒரு பாகம், மற்றவர்களுக்கு இயற்கை பற்றிய ஒரு நிகழ்ச்சி. போட்டியைப் பார்த்தவர்களுக்குப் பருமனானவர்கள் மேல் வெறுப்பு கூடியிருந்தது. 'எடை என்பது அவரவர் கையில்தான் இருக்கிறது' என்ற எண்ணமும் கூடியிருந்தது. ஒல்லியானவர்களிடமும், எடை குறைக்க முயற்சி செய்யாதவர்களிடமும் அந்த வெறுப்பு அதிகம். ஒரே ஒரு பாகம் பார்த்ததற்கே இப்படி. கனடாவில் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த இன்னொரு ஆய்வில், போட்டியின் ஒரு துண்டைப் பார்த்தவர்களுக்கு உடற்பயிற்சி மேலேயே கசப்பு கூடியது. கத்துவதையும் வாந்தி எடுப்பதையும் பார்த்தால் யாருக்குத்தான் செய்யத் தோன்றும்?

சின்ன ஆய்வுகள்தான், ஆனால் நம் வீடுகளில் நடப்பதோடு பொருந்துகிறது. தமிழ்நாட்டில் பத்தில் நான்கு பெண்கள் அதிக எடை உள்ளவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அதாவது இது யாரோ சிலரின் சோம்பேறித்தனம் இல்லை. ஆனால் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்த ஒரு பெண்ணிடம் "இன்னொரு அப்பளமா?" என்று கேட்க யாருக்கும் கூச்சம் இல்லை.

2014-ல் இதே போட்டியில் ஜெயித்த ரேச்சல் ஃப்ரெடரிக்சன் 118 கிலோவிலிருந்து 48 கிலோவுக்கு வந்து மேடை ஏறியபோது, பயிற்சியாளர்கள் இரண்டு பேரின் முகமே மாறியது. குறை குறை என்று வருஷக்கணக்காகச் சொல்லிவிட்டு, குறைந்து வந்தவளைப் பார்த்து இப்படியா என்று உலகமே பேசியது. பாவம் அந்தப் பெண், போட்டியின் விதி என்னவோ அதைச் செய்தாள்.

6 அக்டோபர்

கூடலூர் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். பத்தாவது படிக்கும்போது இந்தப் போட்டியைப் பார்த்துத்தான் ஓட ஆரம்பித்தாராம், இன்னமும் ஓடுகிறாராம். "எனக்கு நல்லதுதானே செஞ்சுது அக்கா?"

நல்லதுதான் தம்பி. அதை உங்களிடமிருந்து யாரும் பிடுங்க வேண்டாம். ஒன்று கவனித்தீர்களா, நீங்கள் எழுதிய அவ்வளவு நீளக் கடிதத்தில் உங்கள் எடை எங்கேயும் இல்லை. எத்தனை மணிக்கு எழுவீர்கள், யாரோடு ஓடுவீர்கள், எந்த மேட்டில் மூச்சு வாங்கும் என்றுதான் இருக்கிறது.

22 அக்டோபர்

தீபாவளி முடிந்தது. லேபில் இன்று கூட்டம், எல்லோரும் பண்டிகை முடியட்டும் என்று காத்திருந்து சர்க்கரை பார்க்க வருகிறார்கள்.

மழையில் எப்படி நடப்பது என்று கேட்கிறீர்கள். டிவியில் இதெல்லாம் வராது. நம் ஊரில் ஐப்பசி மழை, மார்கழியில் உறைபனி, விடியற்காலையில் பத்தடிக்கு மேல் தெரியாத மூடுபனி. கோத்தகிரிப் பக்கம் கரடி, இங்கே தேயிலைக்குள்ளிருந்து காட்டெருமை. காலை ஐந்து மணிக்கு எழுந்து நட என்று சமவெளிக்காரர்கள் எழுதுவதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, இரண்டு மூன்று பேராக, பேசிக்கொண்டு போங்கள். காட்டெருமைக்கு வழிவிட்டு நின்ற நேரத்தையும் நடைக் கணக்கில் சேர்க்கலாமா என்று என் பக்கத்து வீட்டு அம்மா கேட்டார். இதயம் அடித்த வேகத்துக்குத் தாராளமாகச் சேர்க்கலாம் என்றேன்.

மேடு ஏறும்போது அளவு இதுதான்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. முட்டி வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தை விட இறக்கம்தான் பகை, மெதுவாக இறங்குங்கள்.

நாலு மணிக்குக் குளிர் இறங்கியதும் டீயும் வர்க்கியும் கேட்கும் வாய்க்கு நான் எதிரி இல்லை. வர்க்கி மைதாவும் கொழுப்பும்தான், ஒன்றோடு நிறுத்தினால் போதும். முழுக்க விடச் சொன்னால் யாரும் ஒரு மாதம் தாங்க மாட்டார்கள். நானும்தான்.

2 நவம்பர்

எனக்கு இந்த இழையிலேயே முக்கியமாகப் படுவது இது, நிதானமாகப் படியுங்கள்.

சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு ஒரு ஆய்வு நடத்தி 2006-ல் வெளியிட்டது. சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 531 பேர், மூன்று வருஷம். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. தினமும் அரை மணி நேர நடை மாதிரியான இயக்கம், சாப்பாட்டில் சின்னச் சின்ன மாற்றம் என்று தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் 39 சதவீதம். இவ்வளவு பலன் கிடைத்தும் அவர்களுக்கு எடை சொல்லும்படி குறையவே இல்லை.

திரும்பப் படியுங்கள். எடை அசையவில்லை. ரத்தம் மாறியது.

இவர்களை டிவி போட்டியில் நிறுத்தியிருந்தால் முதல் வாரமே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். உங்கள் அம்மா நடக்க ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்துத் தராசில் ஏறி, "ஒண்ணும் குறையல" என்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிடுவாரே, அந்த இடத்தில்தான் இந்தப் போட்டிகள் செய்யும் கெடுதல் இருக்கிறது. உள்ளே நடந்துகொண்டிருக்கும் நல்லதை அவர் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடுகிறது.

என் அம்மா வாழ்நாள் முழுக்க ஒல்லி. கூடையைச் சுமந்து மேடு ஏறி இறங்கியவர். அவருக்குச் சர்க்கரை வந்தது, வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த சில வருஷத்தில். கை காலெல்லாம் குச்சி, வயிறு மட்டும் முன்னால். நம் ஆட்களின் உடல்வாகு அப்படி. அதனால்தான் இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவைப் பார்க்கச் சொல்கிறார்கள்: பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தையல் டேப் போதும். தராசு வேண்டாம்.

3 நவம்பர்

ஒல்லியாக, உறுதியாக இருந்தால் போதாதா என்று கேட்டவருக்கு: அந்தப் போட்டியின் பயிற்சியாளர் பாப் ஹார்ப்பருக்கே 2017-ல் ஜிம்மில் வைத்து மாரடைப்பு வந்தது. பரம்பரையாக வரும் ஒரு கொழுப்புப் புரதம் அவருக்கு அதிகம். குடும்பத்தில் சின்ன வயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருந்தால் டாக்டரிடம் சொல்லி அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

15 நவம்பர், கேத்தி வாசகி

அக்கா, பரீட்சை இருந்ததால் இவ்வளவு நாள் வர முடியவில்லை. அம்மாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். உங்கள் அக்கா கதையில் அழுதுவிட்டார். ஆனாலும் சவாலில் சேரத்தான் போகிறார். "நான் ஜெயிக்க வேண்டாம், நாலு பேரோட இருந்தா தினமும் போவேன்" என்கிறார். திங்கட்கிழமை ஆரம்பம். மாத்திரை: சர்க்கரைக்கு கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது, காலையில் ஒன்று. பிரஷருக்கு ஒன்று.

15 நவம்பர், இரவு

நாலு பேரோடு இருந்தால் தினமும் போவேன் என்று சொன்னாரே, அந்த அம்மாவுக்கு என் வணக்கம். சேரட்டும். ஆனால் திங்கட்கிழமை வேண்டாம், டாக்டரைப் பார்த்த பிறகு.

காரணம் அந்த கிளிமிபிரைடு. அது உடம்பை இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரை. வழக்கமாகச் சாப்பிடும் அளவுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தது. ஜிம்மில் கொடுக்கும் டயட்டில் காலைச் சாப்பாட்டைப் பாதியாக்கி, மாத்திரையை மட்டும் அப்படியே போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் குதித்தால் சர்க்கரை கீழே விழும். பிரஷர் மாத்திரையும் அப்படித்தான், எடையும் உப்பும் குறைந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். டயட் தாளை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள், அளவை அவர் மாற்றுவார். நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். மூன்று மாதச் சர்க்கரை, கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), கல்லீரல் பரிசோதனை இப்போது ஒன்று, பத்து வாரம் கழித்து ஒன்று. இடுப்பளவும் அதே மாதிரி.

ஜிம்மில் கேட்க வேண்டியது: பரிசு எடைக்கா, வருகைக்கா? தினமும் வந்தவருக்கும் பரிசு வையுங்கள் என்று அம்மாவே கேட்கட்டும். வாட்ஸாப்பில் தராசுப் படம் போட மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிடட்டும். பேனருக்குப் போட்டோ எடுக்க வந்தால் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது.

16 நவம்பர்

காலையில் எழுந்ததும் இது ஞாபகம் வந்தது. சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும், பேச்சு குழறும். கேத்தியில் இந்த மாதத்தில் காலையில் யார் நடுங்கினாலும் குளிர் என்றுதான் நினைப்பார்கள், ஸ்வெட்டரைப் போர்த்திவிட்டு உட்கார வைப்பார்கள். குளிரில் நடுங்குபவருக்கு வியர்க்காது, அதைப் பாருங்கள். அம்மாவின் ஸ்வெட்டர் பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கட்டும், மூன்று ஸ்பூன் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும், கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரி. இதை அவர் கூடப் போகும் நாலு பேருக்கும் சொல்லி வையுங்கள்.